பேராயர் லாடின் கடிதங்கள்: வரலாற்றுச் சாட்சியாக ஒரு மதிப்பீடு

"அவரே கைப்பட எழுதிய கடிதம் இருக்கிறதே, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?" வழக்காடுபவர்களும் இப்படிச் சொல்வார்கள், வரலாறு எழுதுபவர்களும் சொல்வார்கள். இந்த வாதத்தில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. கடிதம் என்பது முதலில் இருவருக்கு இடையே நடந்த ஒரு காரியம். எழுதியவருடைய மனம் முழுவதும் அதில் கொட்டிக் கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துதான் போவோம். இதை விளக்க, பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கேண்டர்பரி பேராயராக இருந்த வில்லியம் லாட் என்பவரின் கடிதங்களை இக்கட்டுரையில் எடுத்துக்கொண்டுள்ளேன்.

"ஏன் சார், நம்ம ஊர்ல கடிதம் எழுதினவங்களே இல்லையா?" என்று அன்பர்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். ஆனால் நம் ஊர்ப் பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறோம். லாட் நமக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. அவரிடம் உறவோ பகையோ இல்லாமல் படிக்கலாம். மேலும், எழுதிய காகிதங்களே எழுதியவருக்கு எதிராக நீதிமன்றத்தில் வைக்கப்பட்டு, கடைசியில் அவர் தலையும் போன வழக்கு இது. காகிதச் சாட்சியின் பலமும் பலவீனமும் இவ்வளவு தெளிவாகத் தெரியும் இடம் வேறொன்று கிடைப்பது அரிது.

நான் பட்டம் பெற்ற வரலாற்று ஆசிரியன் அல்ல. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்திலிருந்து மும்பைக்கு வந்து ஜவுளி வியாபாரம் செய்தவன். இங்கிலாந்து வரலாற்றைக் கோட்டைப் பகுதி நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகங்களைக் கொண்டு நானாகவே படித்தேன். வியாபாரிக்குக் கணக்குப் பார்க்கத் தெரியும். அந்தக் கண்ணோடுதான் இந்தக் கடிதங்களையும் பார்க்கிறேன்.

யார் இந்த லாட்?

லாட் 1573 அக்டோபரில் ரெடிங் நகரில் பிறந்தார். தகப்பனார் துணி வியாபாரி. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்து, 1611-இல் அதே கல்லூரிக்குத் தலைவரானார். 1621-இல் செயின்ட் டேவிட்ஸ் ஆயர், 1626-இல் பாத்-வெல்ஸ் ஆயர், 1628-இல் லண்டன் ஆயர், 1630-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக வேந்தர், 1633-இல் கேண்டர்பரி பேராயர் என்று படிப்படியாக ஏறினார். முதலாம் சார்லஸ் மன்னரின் முழு நம்பிக்கையும் பெற்றவர். துணிக்கடைக்காரன் மகன் என்ற ஏளனம் கடைசிவரை அவரைத் துரத்தியது. அது அவருக்கு உறுத்தவும் செய்தது.

ஆலயத்தில் ஒழுங்கும் சடங்கும் வேண்டும், நற்கருணை மேசை கிழக்குப் பக்கம் பலிபீடம் போல் நிற்க வேண்டும், அதைச் சுற்றிக் கம்பித் தடுப்பு வேண்டும் என்பது அவர் பிடிவாதம். இதெல்லாம் ரோமாபுரிக்குத் திரும்பிப் போகும் வழி என்று அஞ்சியவர்கள் பியூரிட்டன் என்னும் தூய்மைவாதிகள். எதிர்த்து எழுதியவர்களுக்கு ஸ்டார் சேம்பர் என்ற அரச நீதிமன்றத்தில் கடும் தண்டனை கிடைத்தது. 1640-இல் காற்று திசை மாறியது. அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் லாட் மீது குற்றம் சாட்டியது; 1641 மார்ச்சில் லண்டன் டவர் சிறைக்குப் போனார். 1644-இல் விசாரணை நடந்தது. 1645 ஜனவரி 10 அன்று, 71-ஆவது வயதில், டவர் குன்றில் தலை வெட்டப்பட்டார்.

கணக்குப் புத்தகம் யார் வீட்டில் இருந்தது?

வியாபாரத்தில் தகராறு வந்தால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, "பேரேடு யார்கிட்ட இருந்தது?" என்பதுதான். அனுப்பியவர் வைத்திருந்த நகலும், பெற்றவர் வைத்திருந்த அசலும் ஒன்றாகவே இருந்தாலும், வைத்திருந்தவருக்கு ஒரு நோக்கம் இருந்திருக்கும். கடிதத்திற்கும் இதுவே விதி.

லாடின் கடிதங்கள் நமக்கு ஒரே வழியாக வந்து சேரவில்லை. அவருடைய மிக அந்தரங்கமான கடிதங்கள் அயர்லாந்தில் அரசப் பிரதிநிதியாக இருந்த தாமஸ் வென்ட்வொர்த்துக்கு எழுதியவை. இவர்தான் பிற்காலத்து ஸ்ட்ராஃபோர்டு பிரபு. 1641 மே மாதம் இவர் தலையும் வெட்டப்பட்டது. அந்தக் கடிதங்கள் வென்ட்வொர்த் குடும்பத்துக் காகிதங்களோடு தங்கி, 1739-இல்தான் வில்லியம் நோலர் என்ற பாதிரியார் மூலம் இரண்டு பெரிய தொகுதிகளாக அச்சேறின. அச்சிட ஆதரவு கொடுத்தது குடும்பத்து வாரிசு. முன்னோரின் பெயரைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட புத்தகத்தில் எது விடப்பட்டிருக்கும் என்று யோசிப்பது படிப்பவர் கடமை. இன்று அந்தக் குடும்பக் காகிதங்கள் ஷெஃபீல்டு ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இரண்டாவது வழி, எதிரியின் வழி. லாடின் அறையிலிருந்தே பறித்துச் செல்லப்பட்டு, அவரைக் குற்றவாளியாக்கவே அச்சிடப்பட்டவை. மூன்றாவது வழி, பக்தர்களின் வழி. 1695-இல் ஹென்றி வார்ட்டன் என்பவர் லாட் சிறையில் எழுதிய தன்வரலாற்றை வெளியிட்டார். பிறகு 1847 முதல் 1860 வரை, லாடைத் திருச்சபையின் தியாகியாக மதித்த ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள் அவருடைய எழுத்துகள் அனைத்தையும் ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்தனர். கடைசித் தொகுதிகளில் கடிதங்கள் உள்ளன. அந்தத் தொகுப்பில் இடம்பெறாத கடிதங்களைத் தேடிச் சேர்த்து, கென்னத் ஃபின்ச்சம் என்ற பேராசிரியர் 2018-இல் தனித் தொகுதியாக வெளியிட்டார். ஆக, குடும்பம், பகைவர், பக்தர், பேராசிரியர் என்று நான்கு கைகள் மாறி வந்தவை இந்தக் கடிதங்கள். ஒவ்வொரு கைக்கும் ஒரு சல்லடை உண்டு.

தேதியிலும் ஒரு பொறி இருக்கிறது. அக்கால இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. 1634 ஜனவரி என்று போட்ட கடிதம் நம் கணக்குப்படி 1635 ஜனவரி. லாட் இறந்ததும் அவர்கள் கணக்கில் 1644-தான். தீபாவளிக்குப் புதுக்கணக்குப் போட்டு, ஏப்ரலில் வருமான வரிக்கு வேறு கணக்குக் காட்டும் நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. ஆனால் இதைக் கவனிக்காதவர் பதிலை முன்னால் வைத்து, கேள்வியைப் பின்னால் வைத்துவிடுவார்.

ஆளுக்கு ஏற்ற குரல்

வென்ட்வொர்த்துக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால், மேடையில் பார்த்த பேராயர் காணாமல் போய்விடுகிறார். கிண்டல் செய்கிறார், புலம்புகிறார், ஆட்களின் பெயருக்குப் பதில் சங்கேத எண்கள் போடுகிறார். காரியங்களைத் தாமதப்படுத்திய கருவூலத் தலைவர் வெஸ்டனுக்கு இவர்கள் வைத்த பட்டப்பெயர் 'மோரா சீமாட்டி'. மோரா என்றால் லத்தீனில் தாமதம். ஆபீசில் மேலதிகாரிக்குப் பட்டப்பெயர் வைக்கும் வழக்கம் நேற்று வந்தது அல்ல என்று தெரிகிறது!

இக்கடிதங்களில் அடிக்கடி வரும் ஒரு சொல் 'தரோ'. தமிழில் 'முற்ற முடிய' என்று சொல்லலாம். 1633 செப்டம்பரில் எழுதிய கடிதத்தில், நாட்டுக் காரியத்தில் தாம் 'தரோ' கட்சிதான் என்றும், திருச்சபையோ நாட்டுச் சட்ட முறைகளில் கட்டுண்டு கிடப்பதால் நினைத்த நன்மையைச் செய்ய முடியவில்லை என்றும் லாட் வருந்துகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலர் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, இது கொடுங்கோன்மைக்குப் போட்ட திட்டத்தின் ரகசியப் பெயர் என்றே எழுதினார்கள். கடிதங்களைத் தொடர்ச்சியாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. லஞ்சம், சிபாரிசு, இழுத்தடிப்பு இவற்றைத் தாண்டிக் காரியத்தை முடித்தே தீருவது என்ற இரண்டு நிர்வாகிகளின் ஆத்திரமும் அதே சொல்லில் இருக்கிறது. சட்டத்தை ஒரு தொல்லையாகப் பார்க்கும் மனமும் அதிலேயே இருக்கிறது. இரண்டும் உண்மை. ஒன்றை எடுத்து மற்றொன்றை மறைப்பது நியாயமாகாது. பொருளுக்குப் பல முகம் உண்டு என்ற அநேகாந்தத்தைக் கேட்டு வளர்ந்த எனக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை.

இன்னும் நல்ல உதாரணம் 1637-ஆம் ஆண்டில் கிடைக்கிறது. வில்லியம் பிரின் என்ற வக்கீல், பர்ட்டன் என்ற பாதிரியார், பாஸ்ட்விக் என்ற மருத்துவர் ஆகிய மூவரும் ஆயர்களைத் தாக்கி எழுதியதற்காக ஸ்டார் சேம்பரில் நிறுத்தப்பட்டனர். மூவரின் காதுகளையும் அறுக்கத் தீர்ப்பாயிற்று. பிரினுக்கு 1634-இலேயே ஒரு முறை காதில் கத்தி விழுந்துவிட்டது. இம்முறை மிச்சம் இருந்ததும் போயிற்று. கன்னங்களில் 'எஸ்', 'எல்' என்ற இரண்டு எழுத்துகளைச் சூடு போட்டார்கள். அவதூறு பரப்பும் கலகக்காரன் என்பதன் சுருக்கம் அது. பிரினோ, இது லாட் போட்ட முத்திரை என்று லத்தீனில் சிலேடை சொன்னாராம்.

அன்று ஸ்டார் சேம்பரில் லாட் நீண்ட உரை ஒன்று ஆற்றினார். இந்த விவகாரம் தம்மையும் தொடுவதால் தாம் தண்டனை சொல்லவில்லை என்று ஒதுங்கினார். தண்டனை சொன்ன மற்றவர்களுக்கு நன்றியும் சொன்னார். உரை உடனே அச்சாகி வெளிவந்தது. அதை மட்டும் படிப்பவர், "பரவாயில்லையே, மனுஷன் ஒதுங்கிக்கொண்டாரே" என்பார். அதே ஆண்டு வென்ட்வொர்த்துக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறைப்பட்டது வேறு: தண்டனை மேடையில் நின்ற நேரத்தில் பிரினையும் மற்றவர்களையும் இஷ்டப்படி பேச விட்டுவிட்டார்களே, ஜனங்கள் ஆரவாரம் செய்தார்களே என்பது. அறுந்த காதுகளைப் பற்றி அவருக்குச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை; கூட்டம் கைதட்டியதுதான் சங்கடம்.

கடிதம் உண்மை, உரை பொய் என்று சொல்லிவிடலாமா? கூடாது. வென்ட்வொர்த் கண்டிப்புக்குப் பேர்போனவர். கண்டிப்பான நண்பனுக்கு எழுதும்போது நாமும் கொஞ்சம் விறைப்பாகத்தான் எழுதுவோம். ஆக, உரையும் ஒரு வேஷம், கடிதமும் ஓரளவு வேஷம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மட்டுமே ஆள் தெரிகிறார்.

"அரசர் ஆணைப்படி"

லாடின் அலுவல் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது, அரசர் எனக்குக் கட்டளையிட்டார், அரசரின் விருப்பம் இது என்ற தோரணை. இது யாருடைய கட்டளை? அரசர் உண்மையிலேயே முடிவெடுத்து, லாட் எழுத்தர் வேலை பார்த்தாரா? அல்லது தம் விருப்பத்தை அரசர் வாயில் போட்டு, அரசர் பெயரில் அனுப்பினாரா? வரலாற்றாசிரியர்கள் இதில் இன்றும் ஒத்துப்போகவில்லை. ஹியூ ட்ரெவர்-ரோப்பர் 1940-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் லாட்தான் நடுநாயகம். 1992-இல் வந்த ஜூலியன் டேவிஸின் நூலோ, மன்னரே உந்து சக்தி என்று வாதிடுகிறது. இரு தரப்பும் காட்டுவது பெரும்பாலும் அதே காகிதங்களைத்தான்.

இதில் நமக்கு உதவும் ஆவணம் ஒன்று உண்டு. 1633 முதல் 1639 வரை ஆண்டுதோறும் லாட் தம் மாகாணத்து ஆயர் மாவட்டங்களின் நிலைமையை மன்னருக்கு அறிக்கையாக அனுப்பினார். ஓரங்களில் மன்னர் தம் கையாலேயே குறிப்பு எழுதித் திருப்பினார். சார்லஸ் காகிதத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட ஆள் இல்லை என்பதற்கு இந்த ஓரக் குறிப்புகளே சாட்சி. ஆனால் அறிக்கையின் உடலை எழுதியவர் லாட். எதைச் சொல்வது, எதை இரண்டு வரியில் முடிப்பது என்பது அவர் கையில்தான் இருந்தது. மேலும், பல மாவட்டங்களைப் பற்றி 'எல்லாம் ஒழுங்காக இருக்கிறது' என்ற பாணியிலேயே ஆயர்கள் எழுதி அனுப்பினார்கள். வெளியூர்க் கிளையிலிருந்து 'சரக்கு நகர்கிறது, வசூல் நடக்கிறது' என்று வரும் கடிதத்தை நம்பி எந்த வியாபாரியும் நிம்மதியாகத் தூங்கமாட்டான். அந்த 'ஒழுங்காக' இருந்த மாவட்டங்களில் மக்கள் எவ்வளவு குமுறிக்கொண்டிருந்தார்கள் என்பது 1640-க்குப் பிறகு வெளிவந்த மனுக்களில்தான் தெரிந்தது.

ஸ்காட்லாந்து விவகாரமும் இப்படியே. 1637 ஜூலை 23 அன்று எடின்பரோவில் செயின்ட் ஜைல்ஸ் ஆலயத்தில் புதிய வழிபாட்டு நூலைப் படிக்கத் தொடங்கியதும் கலவரம் வெடித்தது. அதிலிருந்துதான் போரும், நாடாளுமன்றமும், லாடின் வீழ்ச்சியும் வரிசையாக வந்தன. பிற்பாடு சிறையிலிருந்து லாட் எழுதியபோது, ஆங்கில நூலையே மாற்றமில்லாமல் கொடுக்கலாம் என்பதே தம் யோசனை, தனி நூல் கேட்டவர்கள் ஸ்காட்லாந்து ஆயர்கள் என்றார். இது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 1636 ஏப்ரலில் டன்பிளேன் ஆயர் வெடர்பர்னுக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. அதில் அந்த ஆயர் அனுப்பிய திருத்தங்களில் எதை மன்னர் ஏற்றார், எதை ஏற்கவில்லை என்று வரி வரியாகச் சொல்கிறார். முடிவு அவருடையது இல்லை என்றாலும், கை அவருடையதுதான். யோசனையில் மாறுபட்டவர் வேலையில் முழுமூச்சாக இறங்கினார். கடிதம் இல்லாவிட்டால் இந்த நுட்பம் நமக்குத் தெரிந்தே இருக்காது. கடிதத்தின் அருமை இங்கேதான்: எழுதியவர் பின்னாளில் நினைவிலிருந்து சொல்வதைத் திருத்தும் வல்லமை அதற்கு உண்டு.

நீல அட்டைப் புத்தகம்

இனி எதிரியின் வழிக்கு வருவோம். காது போன பிரின் 1640-இல் விடுதலையாகி லண்டனுக்குத் திரும்பினார். 1643 மே 31 அன்று அதிகாலை, ஆயுதம் தாங்கிய காவலர்களோடு டவர் சிறைக்கு வந்தார். லாட் படுக்கையை விட்டு எழவே இல்லை. சட்டைப் பைகள் உட்பட எல்லாவற்றையும் சோதனை போட்டார் பிரின். வழக்கிற்காக லாட் தயாரித்து வைத்திருந்த 21 கட்டுக் காகிதங்கள், ஸ்காட்லாந்து வழிபாட்டு நூல், நாட்குறிப்பு, தனி ஜெபப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். சில நாளில் தருகிறேன் என்றவர் திருப்பித் தந்தது மூன்று கட்டுகள் மட்டும். மேசை மேல் இருந்த புதுக் கையுறைகளையும் பிரின் உற்றுப் பார்க்க, அவற்றையும் கொடுத்துவிட்டதாக லாடே எழுதியிருக்கிறார். இது லாட் தரப்புக் கதை என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1644 செப்டம்பர் 2 அன்று, தம் தரப்பைத் தொகுத்துச் சொல்ல லாட் பிரபுக்கள் சபைக்கு வந்தபோது, ஒவ்வொரு பிரபுவின் கையிலும் நீல அட்டை போட்ட மெல்லிய புத்தகம் ஒன்று இருந்தது. அது என்ன என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது: அவருடைய சொந்த நாட்குறிப்பு! பிரின் அதைத் தமக்கு வேண்டியபடி வெட்டியும் ஒட்டியும் விளக்கம் சேர்த்தும் அச்சிட்டிருந்தார். தமக்குச் சாதகமானவை விடப்பட்டன என்று லாட் முறையிட்டார்.

அந்த நாட்குறிப்பில் 1633 ஆகஸ்டில் ஒரு பதிவு. ஒருவர் வந்து, ரோமாபுரியின் கார்டினல் பதவி தருகிறோம் என்று சொன்னார். லாட் உடனே மன்னரிடம் போய்த் தெரிவித்தார். சில நாளில் மறுபடியும் வந்தார்கள். ரோம் இப்போது இருப்பதுபோல் அல்லாமல் வேறாக மாறும்வரை தம் உள்ளம் இதற்கு இடம் தராது என்பது லாட் சொன்ன பதில். பிரினுக்கு இது லாட் போப்பின் ஆள் என்பதற்குச் சாட்சி. "பார்த்தீர்களா, பதவி தருகிறோம் என்று கேட்கும் அளவுக்கு உறவு இருந்திருக்கிறது!" அதே பதிவு லாடின் அன்பர்களுக்கு நேர் எதிரான சாட்சி. "பார்த்தீர்களா, மறுத்துவிட்டார், மன்னரிடமும் சொல்லிவிட்டார்!" எழுத்து மாறவில்லை, படித்தவர்தான் மாறினார்.

இன்னொரு வகை வாசகரும் உண்டு. நம் நாட்டுக் கல்வியைப் பற்றி 1835-இல் குறிப்பு எழுதினாரே, அதே மெக்காலே, 1828-இல் ஒரு மதிப்புரையில் லாடின் நாட்குறிப்பைக் கேலி செய்து தள்ளினார். பல்லெல்லாம் ஆடுவதாகக் கனவு கண்டேன் என்று லாட் எழுதி வைத்ததுபோன்ற சங்கதிகள் அவருக்குச் சிரிப்பை மூட்டின. 1640 அக்டோபர் 27 அன்று, ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்ப வேண்டிய சுவடிகளைப் பார்க்க மேல்மாடி அறைக்குப் போன லாட், கயிறு அறுந்து தம் உருவப்படம் முகங்குப்புறக் கிடந்ததைக் கண்டு, இது கெட்ட சகுனமாக இருக்கக் கூடாதே என்று எழுதினார். இரண்டு மாதத்தில் கைதானார். சகுனம் பார்ப்பவன் மூடன் என்று சிரிப்பது எளிது. தனக்காக மட்டும் எழுதிய ஏட்டை, கொள்ளையடித்து அச்சேற்றிய பிறகு, ஊருக்காக எழுதியதுபோல் வைத்துச் சிரிப்பது நியாயந்தானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

லாடும் செய்ததுதான்

இத்தனையும் படித்து லாடுக்காக இரங்கும் அன்பர்கள் இன்னொரு சம்பவத்தையும் கேட்க வேண்டும். லிங்கன் ஆயர் ஜான் வில்லியம்ஸ் லாடுக்குப் பழைய போட்டியாளர். அவருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளித் தலைமை ஆசிரியர் ஆஸ்பல்டிஸ்டன் 1633 வாக்கில் எழுதிய கடிதங்கள், வில்லியம்ஸின் வீட்டைச் சோதனையிட்டபோது அகப்பட்டன. அவற்றில் யாரோ ஒரு பெரியவரைச் சின்னப் பூச்சி, வித்தைக்காரன் என்ற தோரணையில் பட்டப்பெயரால் குறித்திருந்தார் ஆசிரியர். குள்ளமான லாடைத்தான் இப்படிச் சொன்னார் என்று 1639-இல் ஸ்டார் சேம்பர் முடிவு கட்டியது. வில்லியம்ஸுக்கு அபராதம். ஆசிரியருக்கோ, அவர் பாடம் சொன்ன பள்ளிக்கு முன்னாலேயே காதுகளை ஆணியடிக்கத் தீர்ப்பு. மனுஷன் கேண்டர்பரிக்கும் அப்பால் போய்விட்டேன் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு மறைந்துவிட்டார்! உண்மையில் அவர் லண்டனிலேயே ஒளிந்திருந்தார்.

இந்தத் தீர்ப்பு வந்த காலத்தில் கருவூலத் தலைவருக்கு 'மோரா சீமாட்டி' என்று பட்டப்பெயர் வைத்த லாடின் கடிதங்கள் வென்ட்வொர்த் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. நண்பனுக்கு எழுதிய பட்டப்பெயர் ஒருவருக்கு வேடிக்கை, மற்றவருக்குக் குற்றம். இரண்டுக்கும் வித்தியாசம், அந்த நேரத்தில் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பது மட்டுமே. நான்கே ஆண்டில் அதே கத்தி லாட் பக்கம் திரும்பியது. அப்போது அவர் சொன்ன நியாயங்களை 1639-இல் ஆஸ்பல்டிஸ்டனுக்காக யாராவது சொல்லியிருந்தால் லாட் காது கொடுத்திருப்பாரா? அவருடைய கடிதங்களைப் படித்த வரையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

என் தீர்ப்பு

லாட் விசாரணையில் சாட்சியங்கள் குவிந்தன. ஆனால் சட்டப்படி ராஜத்துரோகம் என்று சொல்லத்தக்க செயல் ஒன்றும் தேறவில்லை. சின்னக் குற்றங்கள் பல சேர்ந்தால் துரோகம் ஆகும் என்று வாதித்தது எதிர்த்தரப்பு. கறுப்பு முயல்கள் இருநூறு ஜோடியைச் சேர்த்தால் ஒரு கறுப்புக் குதிரை ஆகும் என்று இதுவரை நான் அறிந்ததில்லை என்ற பொருளில் பதில் சொன்னார் லாடின் வக்கீல் ஹெர்ன். கடைசியில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத்தான் தலையை எடுத்தது.

இந்த முயல்-குதிரை வாதம் வரலாறு எழுதுவோருக்கும் பொருந்தும். நூறு கடிதத்தில் நூறு முன்கோபம் இருந்தால், அவர் முன்கோபி என்று சொல்லலாம். ரோமாபுரிக்கு நாட்டை விற்கச் சதி செய்தார் என்று சொல்ல முடியாது. லாடின் கடிதங்கள் அவரைப் போப்பின் கையாளாகக் காட்டவில்லை. பக்தர்கள் வணங்கும் தியாகியாகவும் காட்டவில்லை. ஒழுங்கை நேசித்து, அந்த ஒழுங்கில் அடிபடும் மனிதரைக் காணாத ஒரு கடுமையான நிர்வாகியைக் காட்டுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு துணைவேந்தர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களில், மாணவர்களின் நீண்ட தலைமுடி, அங்கியோடு போடும் பூட்ஸ், குடிக்கடைப் பழக்கம் எல்லாம் வருகின்றன. அதே கை 1635 முதல் 1640 வரை சுமார் 1,300 சுவடிகளைப் பாட்லியன் நூலகத்துக்குக் கொடுத்தது. 1636-இல் அரபு மொழிக்குப் பேராசிரியர் பதவி நிறுவியது. அச்சுவடிகளில் நம் நாட்டு ராகமாலை ஓவியங்கள் கொண்ட ஏடு ஒன்றும் உண்டு. லாட் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. இவரை ஒரே வார்த்தையில் அடைப்பவர் எந்தப் பக்கத்தவராக இருந்தாலும் கணக்கில் தவறு செய்கிறார்.

கடிதங்கள் சொல்லாததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேசையை நகர்த்தச் சொன்ன உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. நகர்த்திய கூலிக்காரனும், அதைப் பார்த்து மனம் கசந்து ஆலயத்தை விட்டு வெளியேறிய குடும்பமும் பேராயரின் கடிதக் கட்டில் இல்லை. அதிகாரத்தில் இருப்பவரின் கடிதம் மேலிருந்து பார்த்த படம்.

கடைசியாக நம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஊரை விட்டு வந்த நம் வீடுகளில் ஊர்க் கடிதங்களும் இன்லண்ட் லெட்டர்களும் பரண்மேல் பெட்டியில் கிடக்கின்றன. யார் யாருக்குக் காசு அனுப்பினார், நிலம் எப்படிக் கைமாறியது, கல்யாணம் ஏன் நின்றது என்ற பேச்செல்லாம் அதில்தான். சிலர் பெரியவர்களின் நூற்றாண்டுக்கு மலர் போட, நல்ல கடிதங்களை மட்டும் பொறுக்கி, மற்றதைக் கிழித்துவிடுகிறார்கள். அது நோலர் செய்த வேலை. சிலர் பாகப் பிரிவினைச் சண்டையில், கோபத்தில் எழுதிய ஒரு வரியை மட்டும் எடுத்துக் காட்டுகிறார்கள். அது பிரின் செய்த வேலை. உறையோடும் தேதியோடும், கிடைத்தால் பதில் கடிதத்தோடும், கட்டைப் பிரிக்காமல் வைத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தாத்தா நல்லவரா கெட்டவரா என்பதை அவர்கள் பொறுமையாகப் படித்து முடிவு செய்துகொள்ளட்டும்.